கைபேசிக்குள் இருக்கும் அந்நியர்கள் யார்?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் வந்திருக்கிறீர்களா? மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கங்கள். கிழக்கே இந்திர லிங்கம், தெற்கே எம லிங்கம், மேற்கே வருண லிங்கம், வடக்கே குபேர லிங்கம், மூலைத் திசைகளுக்கு மற்ற நான்கு. கூட்டத்தில் பிரிந்துபோன ஒருவர், "குபேர லிங்கத்துக்கிட்ட நிக்கிறேன்" என்று சொன்னால் போதும். அவர் மலைக்கு வடக்கே நிற்கிறார் என்பது உள்ளூர்க்காரருக்கு விளங்கிவிடும். பெயரே திசையைச் சொல்லிவிடுகிறது.

இப்போது அதே மனிதர் தம் சட்டைப்பையிலிருந்து திறன்பேசியை எடுக்கட்டும். அமைப்புகள் பகுதிக்குப் போய்ச் செயலிகளின் பட்டியலைத் திறந்து, கைபேசியோடு கூடவே வந்த அமைப்புச் செயலிகளையும் காட்டும்படி கேட்கட்டும். நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ, கேரியர் சர்வீசஸ், பிரிண்ட் ஸ்பூலர், பேசிக் டேட்ரீம்ஸ், ஆண்ட்ராய்டு ஈஸ்டர் எக்! இவற்றில் எந்தப் பெயர் எந்தத் திசையைச் சொல்கிறது?

புத்தகம் வந்தால் மதிப்புரை எழுதுகிறோம். திரைப்படம் வந்தால் குறை நிறைகளை அலசுகிறோம். கோடிக்கணக்கானோர் பையில் கிடக்கும் இந்தப் பட்டியலும் மனிதர்கள் எழுதிய ஒரு பிரதிதான். அதை ஏன் விமர்சிக்கக் கூடாது?

இரண்டு அறிவுரைகள்

அண்மையில் தேரடி வீதிப் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடையில் காத்திருந்தேன். முதலாண்டு படிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி கலக்கத்தோடு வந்தாள். "அண்ணா, நான் போடாத ஆப்பெல்லாம் போன்ல இருக்கு. யாராவது வேவு பாக்கறாங்களா?" என்று கேட்டாள். கடைக்காரத் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கம்பெனி ஆப்பும்மா. கை வைக்காதே" என்றார். அருகில் நின்ற வாடிக்கையாளர் விடவில்லை. "தெரியாதது எதுக்கு? எல்லாத்தையும் நிறுத்திடும்மா. பேட்டரியாவது மிச்சமாகும்" என்றார்.

பார்த்தீர்களா? ஒருவர் எல்லாவற்றையும் நம்பச் சொல்கிறார். மற்றவர் எல்லாவற்றையும் சந்தேகிக்கச் சொல்கிறார். இருவரும் நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் இரண்டு அறிவுரைகளுமே தவறானவை. அந்தத் தவறுக்கு அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பட்டியலே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

மூன்று இனங்கள், ஒரே வரிசை

உள்ளே இருப்பவற்றை மூன்று இனங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, உறுப்புகள். நம் உடலில் கல்லீரலை நாம் பார்த்ததில்லை. ஆயினும் அது இல்லாமல் வாழ முடியாது. வெப்வியூ அத்தகையது. வங்கிச் செயலியோ செய்திச் செயலியோ தனக்குள்ளேயே ஓர் இணையப் பக்கத்தைக் காட்டும்போது, அந்தப் பக்கத்தை வரைந்து தருவது இதுதான். 2021 மார்ச் 22 அன்று இதன் புதுப்பிப்பு ஒன்றில் பிழை நேர்ந்தது. ஜிமெயில் உட்படப் பல செயலிகள் உலகெங்கும் திறந்தவுடன் மூடிக்கொண்டன. வெப்வியூ என்ற பெயரையே அன்றுதான் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்!

இரண்டாவது, கருவிகள். பிரிண்ட் ஸ்பூலர் அச்சுப்பொறிக்குப் போகும் தாள்களை வரிசைப்படுத்துகிறது. சிம் டூல்கிட் என்பது தொலைபேசி நிறுவனம் சிம் அட்டையில் எழுதிவைத்த பட்டியலைத் திரையில் காட்டுகிறது. வேண்டியவருக்கு வேண்டும், மற்றவருக்கு வேண்டாம்.

மூன்றாவது, விருந்தாளிகள். வணிக உடன்பாட்டின் பேரில் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பப்படும் கடைகள், விளையாட்டுகள், செய்தித் தொகுப்புகள். இவை இல்லாவிட்டாலும் கைபேசி குறைவின்றி இயங்கும்.

எலும்பும், சுத்தியலும், விளம்பரத் தட்டியும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தில், ஒரு விளக்கமும் இன்றி நிற்கின்றன. இதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது குற்றச்சாட்டு மொழியைப் பற்றியது. கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். பொத்தான்கள் தமிழாகும், அமைப்புச் செயலிகளின் பெயர்களில் பெரும்பாலானவை ஆங்கிலமாகவே நிற்கும். ஆங்கிலம் அறிந்தவருக்கு மட்டும் விளங்கிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 'டேட்ரீம்' என்றால் பகற்கனவு. கைபேசி மின்னேறிக்கொண்டு சும்மா கிடக்கும்போது திரையில் வண்ணங்களைக் காட்டும் சிறு நிரல் அது. 'ஈஸ்டர் எக்' என்பது நிரல் எழுதியவர்கள் ஒளித்துவைத்த விளையாட்டு. மேலைநாடுகளில் ஈஸ்டர் பண்டிகையன்று முட்டைகளை ஒளித்துவைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்லும் வழக்கத்திலிருந்து வந்த பெயர். செய்தவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் வேடிக்கை, நம்மூர் மாணவிக்கு வேவுகாரனாகத் தோன்றுகிறது.

மௌனத்தின் விலை

"பெயரில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். 2018 ஆகஸ்ட் மாதம் நடந்ததை நினைவுகூருங்கள். இந்தியாவில் ஏராளமானோரின் தொடர்பு எண்கள் பட்டியலில், அவர்கள் பதியாத ஓர் எண் ஆதார் உதவி எண் என்ற பெயரில் இருப்பது தெரியவந்தது. நாடெங்கும் பரபரப்பு. ஆதார் ஆணையம், அப்படி எண்ணைச் சேர்க்கும்படி யாரிடமும் சொல்லவில்லை என்று மறுத்தது. பிறகு கூகுள் நிறுவனம் விளக்கம் தந்தது. 2014-இல் இந்தியத் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த ஆண்ட்ராய்டில், புதிய கைபேசியை முதன்முதலில் ஆயத்தம் செய்யும் அமைப்புச் செயலிக்குள், அந்த எண்ணும் 112 என்ற அவசர உதவி எண்ணும் கவனக்குறைவாக எழுதப்பட்டுவிட்டன என்றது. ஒருவர் புதிய கைபேசி வாங்கும்போது பழைய பட்டியலோடு அந்த எண்ணும் கூடவே குடிபெயர்ந்தது. அந்தச் செயலிக்குள் என்ன இருக்கிறது என்று நான்கு ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

2024 இறுதியில் 'சேஃப்டிகோர்' என்ற செயலி ஆண்ட்ராய்டு கைபேசிகளில் சத்தமின்றி வந்து அமர்ந்தது. சில மாதங்கள் கழித்துக் கண்டவர்கள், தங்கள் படங்களை யாரோ ஆராய்கிறார்கள் என்று பதறினார்கள். செய்திகளில் வரும் ஆபாசப் படங்களை அடையாளம் கண்டு மறைக்க உதவும் பகுதி அது என்றும், ஆய்வு கைபேசிக்குள்ளேயே நடக்கிறது என்றும் கூகுள் கூறியது. காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும். வீட்டுக்குள் காவலாளியை அமர்த்துகிறவர் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

இந்த மௌனத்தால் பயனடைகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. 2021 மார்ச்சில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஓர் உளவு நிரலைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? 'சிஸ்டம் அப்டேட்'! அமைப்பைப் புதுப்பிக்கும் செயலி போல வேடமிட்டு, செய்திகளையும் படங்களையும் திருடியது. விளங்காத பெயர்கள் நிறைந்த கூட்டத்தில் திருடன் ஒளிவது எளிது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று, ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தன் செயலிகளை மொத்தமாக முன்கூட்டியே ஏற்றும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காகக் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. அப்படி ஏற்றிய செயலிகளை நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் கூறியது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் நீக்கும் உரிமை பற்றிய கட்டளையை மற்றும் சில கட்டளைகளோடு ரத்து செய்தது.

அரசும் இந்த ஆசைக்கு விதிவிலக்கன்று. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, 'சஞ்சார் சாத்தி' செயலியை எல்லாப் புதிய கைபேசிகளிலும் ஏற்றித் தர வேண்டும் என்று ஆணையிட்டது. திருட்டுப்போன கைபேசியை முடக்க உதவும் பயனுள்ள செயலிதான். ஆயினும் எதிர்ப்பு எழுந்தது; டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. நல்ல செயலியானாலும் கேட்காமல் திணித்தால் மக்கள் ஐயுறுவார்கள் என்பதற்கு இது சான்று.

அஞ்சி நிறுத்தினால் என்ன இழப்போம்?

அந்த மாணவியின் கைபேசிக்கு மறுபடியும் வருவோம். தோழி சொன்னாள் என்று அவள் ஏற்கெனவே ஒன்றை நிறுத்திவைத்திருந்தாள். ஒருநாள் கைபேசி பயங்கரமாக அலறியதாம். அதற்குக் காரணமான அவசரகால எச்சரிக்கைப் பகுதியை அணைத்துவிட்டாள். 2023-இல் இந்தியாவின் பல பகுதிகளில் இவ்வகை எச்சரிக்கைகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. இதன் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணாகத் தேடிப் போகிறது. இதுவோ கோபுரத்திலிருந்து வானொலி ஒலிபரப்பைப் போல, அந்த வட்டாரத்திலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. யாருடைய எண்ணும் தெரிய வேண்டியதில்லை. இணையமும் வேண்டியதில்லை. பல இலட்சம் பேர் கூடி, அழைப்புகள் நெரிசலில் சிக்கும் தீபத் திருவிழா போன்ற நாளிலும் போய்ச் சேரக்கூடிய முறை இது.

இந்த ஊருக்கு அது சிறிய செய்தியா? 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மீது விழுந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். ஒரு கைபேசி அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையடிவாரத்தில் வாழும் ஒரு பெண், எச்சரிக்கை சொல்ல வந்தவனையே வேவுகாரன் என்று எண்ணிக் கதவைச் சாத்தும்படி ஒரு பட்டியல் எழுதப்பட்டிருக்கிறதே, அதைத்தான் குறை என்கிறேன்.

நாமே எழுதிப் பார்ப்போம்

"நூற்றுக்கணக்கான செயலிகளுக்கு விளக்கம் எழுத முடியுமா?" என்பார்கள். இதோ சில:

வெப்வியூ: பிற செயலிகளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் உறுப்பு. நிறுத்தினால் பல செயலிகள் பழுதாகும்.

பிரிண்ட் ஸ்பூலர்: அச்செடுக்க உதவும் கருவி. அச்செடுக்காதவர் நிறுத்தலாம்.

பேசிக் டேட்ரீம்ஸ்: ஓய்வுத் திரைக்கான வண்ணக் காட்சி. நிறுத்தினால் நட்டமில்லை.

அவசரகால எச்சரிக்கை: புயல், வெள்ளம் பற்றிய அறிவிப்பைக் கோபுரத்திலிருந்து பெறும். நிறுத்த வேண்டாம்.

ஆளுக்கு ஒரு வரி, பார்த்தீர்களா? ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட உள்ளே இருப்பவற்றை அச்சிட்டிருக்கிறார்கள். பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கருவிக்கு அதைக் கேட்பது பேராசையாகாது.

அதுவரை நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். முதலில், எங்கிருந்து வந்தது? உறுப்புகளை முழுவதும் நீக்க முடியாது; முடக்கவோ, புதுப்பிப்புகளை மட்டும் விலக்கவோதான் முடியும். அவை எளிதில் மாற்றியெழுத முடியாத தனிப் பகுதியில் பதிந்திருக்கின்றன. சிஸ்டம் என்ற பெயரோடு பின்னால் வந்த ஒன்று முழுவதும் நீங்குமானால், அது கள்ளன் என்று தீர்ப்பாகிவிடாது. சேஃப்டிகோரும் அப்படி நீங்கக்கூடியதே. ஆனால் விசாரிக்க வேண்டியது என்று பொருள். இரண்டாவது, என்னென்ன அனுமதி வைத்திருக்கிறது? ஓய்வுத் திரைக்கு ஒலிவாங்கி எதற்கு? மூன்றாவது, எவ்வளவு மின்சாரமும் தரவும் செலவழிக்கிறது?

விடை திருப்தியாக இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் முடக்குங்கள். இரண்டு நாள் பாருங்கள். கோளாறு தெரிந்தால் மறுபடியும் இயக்குங்கள். இதற்குப் பெயர் சோதனை; விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் செய்வதும் இதையேதான்.

அந்த மாணவி எச்சரிக்கைப் பகுதியை மறுபடியும் இயக்கிவிட்டு, யாரோ ஏற்றி அனுப்பிய இரண்டு விளையாட்டுகளை நீக்கிவிட்டுப் போனாள். கடைக்காரத் தம்பி தம் கைபேசியிலும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் இன்றிரவு ஒருமுறை திறந்து பாருங்களேன்.