அணைப்புக்குள் ஒரு தாளம்

புவெனோஸ் அயர்ஸின் மிலோங்காக்களில், அதாவது டாங்கோ ஆடுவதற்கென்றே மக்கள் கூடும் மாலைகளில், பாட்டு தொடங்கியதும் யாரும் ஆடத் தொடங்குவதில்லை. ஜோடிகள் தளத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். சில விநாடிகள் கழித்துப் பேச்சு தானாக அடங்கும். ஆண் கையை நீட்டுவார், பெண் அணைப்புக்குள் வருவார். அப்போதும் அடி எடுத்துவைக்க மாட்டார்கள். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அவள் இப்போது எந்தக் காலில் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதன் பிறகுதான் நடை.

டாங்கோ ஆடுபவர்கள் ஓயாமல் பேசுவது ‘இணைப்பு’ பற்றி. மூடிய கண்கள், நெஞ்சோடு நெஞ்சு, இரண்டு பேருக்கு ஒரே மூச்சு. இந்தப் பேச்சில் தாளம் காணாமல் போய்விடுகிறது என்பது என் குறை. இருவர் காதிலும் ஒரே இசை விழாதபோது, எவ்வளவு இறுக்கமான அணைப்பும் வெறும் அணைப்புதான்.

ஹுவான் தாரியென்ஸோவின் குழுவில் 1935இல் பியானோ கலைஞர் ரொடோல்ஃபோ பியாஜி சேர்ந்தார். அதன் பிறகு அந்தக் குழுவின் தட்டு கத்திபோலக் கூர்மையானது. ‘தாளத்தின் ராஜா’ என்று ஊர் கொண்டாடிய தாரியென்ஸோவைக் கேட்டால் கால் சும்மா இருக்காது. கார்லோஸ் தி சார்லியின் குழுவில் அதே தட்டு வயலின்களுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே அடி நீள வேண்டும், பாதம் தரையை விட்டுப் பிரிய மனமில்லாததுபோல் நகர வேண்டும். ஓஸ்வால்தோ புக்லியேசேயோ காலத்தையே இழுத்துப் பிடிப்பவர். அவருடைய இசைக்கு ஆட நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூவருக்கும் ஒரே மாதிரி ஆடுகிறவரின் கைக்குள் இருக்கும் பெண் தனியாகத்தான் இருக்கிறாள்.

இதைப் பழையவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரே குழுவின் மூன்று அல்லது நான்கு பாடல்களைத் தொடர்ந்து ஒலிக்கவிடும் ‘தாண்டா’ முறைக்கு நிகராக இன்னொரு ஏற்பாட்டை என்னால் சொல்ல முடியவில்லை. முதல் பாட்டில் காது பழகும். மூன்றாவதில் உடல் யோசிப்பதை விட்டுவிடும். பிறகு சம்பந்தமில்லாத ஒரு துண்டு இசை வர, எல்லோரும் தளத்தைவிட்டு இறங்கிவிடுவார்கள்.

ஆட அழைக்கும் முறையில் எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. தூரத்திலிருந்து கண்ணால் கேட்டு, தலையசைத்து முடிவு செய்வதற்குக் ‘கபேசெயோ’ என்று பெயர். பார்வையைத் திருப்பிக்கொண்டால் மறுத்தாயிற்று. கேட்டவருக்கு அவமானமில்லை, மறுத்தவருக்குச் சங்கடமில்லை. பெண்ணுக்கு இதைவிட மரியாதையான பாதுகாப்பு பல நடன அரங்குகளில் கிடையாது. ஆனால் மறுப்பு யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒதுக்கலும் படுவதில்லை. வயதான பெண், புதிதாக வந்தவள், தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவள், பார்வை மங்கியவள் ஆகியோர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆகவே யாரும் பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

எது ‘அசல்’ டாங்கோ என்ற சண்டை இன்னும் சிக்கலானது. நகர மையத்தின் நெரிசலான அரங்குகளில் நெருங்கிய அணைப்பும் குறுகிய அடிகளும் வளர்ந்தன. வில்லா உர்கீசா பக்கத்துக் கிளப்புகளில் தளம் பெரிது. அங்கே அடிகள் நீண்டன, திரும்பும்போது அணைப்பு சற்று இளகியது. இரண்டுமே அந்த ஊரின் சொத்து. 1983இல் பாரிஸில் அரங்கேறிய ‘டாங்கோ அர்கென்டினோ’ மேடை நிகழ்ச்சிக்குப் பிறகு வெளிநாட்டு மாணவர்கள் திரண்டு வந்தபோதுதான் பாணிகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டும் தேவை பெருகியது. பெயர் வந்ததும் ‘இதுதான் உண்மையானது, மற்றது போலி’ என்ற வியாபாரமும் கூடவே வந்துவிட்டது.

ஆண் நடத்துவதும் பெண் தொடர்வதும்தான் மரபு என்பவர்களுக்கு ஒரு சங்கதியை நினைவூட்ட வேண்டும். அந்தக் காலத்து இளைஞர்கள் பயிற்சிக் கூடங்களில் ஆணோடு ஆண் ஆடித்தான் கற்றார்கள். முதலில் தொடர்பவராக ஆடி, அந்தப் பக்கத்தை உடம்பில் ஏற்றிக்கொண்ட பிறகே நடத்தப் போனார்கள். இன்று பாத்திரங்களை மாற்றிக்கொண்டு ஆடுவோரை மரபைக் கெடுப்பவர்கள் என்பது வரலாற்று அறியாமை.

இசையில்தான் என் வருத்தம் பெரிது. பெரும்பாலான மிலோங்காக்களில் ஒலிப்பவை ஏறக்குறைய 1935 முதல் 1955 வரையிலான பதிவுகள். அவற்றின் தரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழுக்கள் கண்முன் ஆடுகிறவர்களுக்காக வாசித்து வளர்ந்தவை. இன்றைய குழுக்களுக்கு ஆடும் கால்களின் முன்னால் வாசிக்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது.

பல டாங்கோக்கள் முடிவில் இரண்டு தட்டுகளோடு நிற்கும். புக்லியேசே அந்தக் கடைசித் தட்டைத் தாமதித்து, மிக மெல்லத் தருவார். கேட்டுப் பழகாதவர் முதல் தட்டிலேயே கையைத் தளர்த்திவிடுவார். பழகியவர் அசையாமல் நிற்பார். அவர் நெஞ்சு இன்னும் இளகவில்லை என்று உணர்ந்து, கண் திறக்காமல் அவளும் நிற்பாள். பிறகு அந்தத் தட்டு வரும்.