சக்கரமும் கல்லும்: புதுக்கோட்டை மகளிர் குறித்த பி. சாய்நாத்தின் பதிவுகளில் உடைமையும் ஏற்றத்தாழ்வும்

ஆய்வுச்சுருக்கம்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தின் காலத்தில் ஏழைப் பெண்கள் இரண்டைக் கைக்கொண்டனர். ஒன்று மிதிவண்டி, மற்றொன்று கல்குவாரி. இவ்விரண்டையும் இதழியலாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். முன்னது பாடநூல்வரை சென்றது. பின்னது பெரிதும் மறக்கப்பட்டது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்றும், உடைமையைக் கைமாற்றாத மாற்றமே எளிதில் கொண்டாடப்படுகிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. அதன்வழி, செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையிலான இடைவெளியைக் குறைப்பதற்கெனக் கூறப்படும் தீர்வுகளை மதிப்பிட ஓர் அளவுகோலை முன்வைக்கிறது.

முதன்மைச் சொற்கள்: ஏற்றத்தாழ்வு, உடைமை, புதுக்கோட்டை, அறிவொளி இயக்கம், கல்குவாரி, கள எழுத்து, சாய்நாத்

முன்னுரை

உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் சார்பில் 2024இல் வெளிவந்த ஆய்வறிக்கை, 2022-23இல் இந்தியாவின் மொத்த வருவாயில் 22.6 விழுக்காடும் மொத்தச் செல்வத்தில் 40.1 விழுக்காடும் மேல்தட்டில் உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தன என மதிப்பிடுகிறது. இத்தகைய மதிப்பீடுகளின் துல்லியம் பற்றிப் பொருளியலாளரிடையே விவாதம் உண்டு. எனினும், இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கவனத்திற்குரியது. வருவாய் என்பது ஓராண்டில் கைக்கு வருவது. செல்வம் என்பது கையில் நிலைத்து நிற்பது. செல்வத்தின் ஏற்றத்தாழ்வு வருவாயின் ஏற்றத்தாழ்வைவிட மிகக் கூடுதலாக இருக்கிறது. ஆகவே, வருவாயை மட்டும் உயர்த்தும் தீர்வு சிக்கலின் ஒரு பகுதியையே தொடுகிறது.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்குப் புதுக்கோட்டையின் அண்மைக்கால வரலாறு பொருத்தமான களமாக அமைகிறது. அவ்வரலாறு பரவலாக அறியப்பட்டது சாய்நாத்தின் எழுத்துகளால்தான். ஆதலால், அப்பதிவுகளையும் அவை வாசிக்கப்பட்ட முறையையும் சேர்த்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஓர் இயக்கம், இரு விளைவுகள்

மன்னராட்சியின்கீழ் இருந்த புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974இல் தனி மாவட்டமாயிற்று. ஆற்றுப்பாசனம் குறைந்த, கண்மாய்களையும் மழையையும் நம்பிய நிலம் இது. வேளாண்மை பொய்க்கும் காலத்தில் நிலமற்றவர்க்கு எஞ்சிய வேலைகளுள் கல்லுடைப்பு ஒன்று. வாங்கிய முன்பணத்தைக் கழிக்க முடியாமல் குடும்பமே குவாரியில் கட்டுண்டு கிடக்கும் நிலையைக் கொத்தடிமைமுறை என்கிறோம். 1976ஆம் ஆண்டின் சட்டம் அதனை ஒழித்தது. ஆனால் முன்பணம் ஒழியவில்லை.

1991இல் மாவட்ட நிர்வாகமும் தன்னார்வலர்களும் இணைந்து அறிவொளி இயக்கத்தை முன்னெடுத்தனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு நடமாட்டத்தையும் பெண்களுக்கு உரியதாக்க விரும்பினார். மிதிவண்டிப் பயிற்சி இயக்கத்தின் ஓர் உறுப்பாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்று சாய்நாத் எழுதுகிறார்.

இதே காலத்தில், நிர்வாகத்தின் துணிவான நடவடிக்கையால் குவாரிகள் பெண்களின் பொறுப்பில் வந்தன. முன்பு கொத்தடிமைகளாக உழைத்த அதே குவாரிகளை 4,000க்கும் மேற்பட்ட மிக வறிய பெண்கள் தம் கட்டுப்பாட்டில் கொண்டனர் என்பது சாய்நாத்தின் பதிவு. புதிதாக எழுத்தறிவு பெற்ற பெண்களின் கூட்டு முயற்சியே அந்நடவடிக்கையை நடைமுறையாக்கியது. அவர்தம் குடும்ப வாழ்வு பெரிதும் மேம்பட்டது. அரசுக்கும் மிகுந்த வருவாய் கிடைத்தது. முன்னர்ச் சட்டவிரோதமாகக் கல்லெடுத்து வந்த ஒப்பந்ததாரர்கள் இம்முயற்சியைக் கடுமையாகத் தாக்கினர் என்பதையும் அவர் சேர்த்தே குறிக்கிறார்.

2. பதிவின் முறை

சாய்நாத்தின் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ 1996இல் வெளிவந்தது. நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் தங்கி, நடந்து, எழுதிய செய்திக்கட்டுரைகளின் தொகுப்பு அது. வறுமையை நிகழ்வாகக் காணாமல் தொடர்நிகழ்வாகக் காண்பது அந்நூலின் அடிப்படை நோக்கு. அதன் இறுதிப் பகுதி, ஏழைகள் தாமே எதிர்த்துப் போராடிய இடங்களைப் பேசுகிறது. புதுக்கோட்டை அங்கு இடம்பெறுவது குறிப்பிடத்தக்கது. இம்மாவட்டம் இரக்கத்திற்குரிய களமாக அன்றி, செயல்படுவோரின் களமாகவே அறிமுகமாகிறது.

மிதிவண்டி பற்றிய கட்டுரையின் வலிமை அதன் நுண்தரவுகளில் உள்ளது. பேருந்து குறைந்த தடங்களில் காத்திருக்கும் நேரம் மிச்சமாவதால், விளைபொருளை ஊர் ஊராகக் கொண்டு விற்கும் பெண்ணுக்கு விற்பனைக்கும் ஓய்வுக்கும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்கள் ஓட்டும் வண்டிகளை அவர்கள் வாங்குகின்றனர். குழந்தையை முன்கம்பியில் அமர்த்தலாம் என்பதால் அவற்றையே விரும்பவும் செய்கின்றனர். இவ்விவரங்கள் ஒரு பொருள் எவ்வாறு வாழ்க்கைக் கருவியாகிறது என்பதைக் காட்டுகின்றன. எனவே, மிதிவண்டியை வெறும் குறியீடாக அவர் எழுதினார் எனல் பொருந்தாது. குறியீடாக்கியது வாசிப்பு.

குவாரி பற்றிய கருத்துகள், 1993 முதல் 2002 வரை எடுத்த ஒளிப்படங்களாலான பெண்களின் உழைப்பு குறித்த அவரது கண்காட்சியிலும் இடம்பெறுகின்றன. சில வரிகளே அமைந்த அக்குறிப்பு நடவடிக்கை, அமைப்பு, பயன், தாக்குதல் என்னும் நான்கையும் சொல்லிவிடுகிறது. எந்த விதியின் எந்த இடைவெளி வழியே ஒப்பந்ததாரர்கள் மீண்டும் நுழைய முடிந்தது என்னும் வினாவிற்கு ஒளிப்படக் குறிப்பின் அளவு இடந்தரவில்லை. அவ்வினாவைத் தொடர்ந்திருக்க வேண்டியது பின்வந்த ஆய்வுலகம்.

3. நினைவில் நின்றதும் நில்லாததும்

மிதிவண்டிக் கட்டுரை இந்தியில் பெயர்க்கப்பட்டு, எட்டாம் வகுப்பிற்கான ‘வசந்த்’ பாடநூலில் இடம்பெற்றது. வடஇந்திய மாணவர் பலர் புதுக்கோட்டை என்னும் பெயரை அதன்வழியே அறிந்தனர். தமிழ்நாட்டில் பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குவது பின்னாளில் நிலையான அரசுத் திட்டமாகவும் அமைந்தது. குவாரிக்கு இவை இரண்டும் வாய்க்கவில்லை. அது பாடமாகவும் இல்லை, கொள்கையாகவும் இல்லை.

காரணம் வெளிப்படையானது. ஒரு பெண் மிதிவண்டி ஓட்டினால் ஆணின் அதிகாரம் குறையலாம். ஊரார் ஏளனம் செய்யலாம். சில ஆண்டுகளில் அது பழகிப்போகும். யாருடைய சொத்தும் குறைவதில்லை. வண்டி விற்பவருக்கு ஆதாயமே உண்டு. குவாரி அத்தகையதன்று. பெண்கள் குழுவிற்குக் குத்தகை சென்றால் ஒப்பந்ததாரரிடமிருந்து அது போக வேண்டும். முன்னதில் இழப்பவர் இல்லை. பின்னதில் இழப்பவர் உண்டு, அவர் வலியவரும் ஆவார். இழப்பவர் இல்லாத விடுதலையை எல்லோரும் வாழ்த்துவர். செல்வ இடைவெளியைக் குறைப்பதோ இழப்பவர் இல்லாமல் இயலாது.

இந்த இடத்தில் நம் இலக்கிய மரபையும் எண்ணிப் பார்க்கலாம். ஆற்றுப்படை நூல்கள் வறியவரை வள்ளலிடம் வழிப்படுத்துகின்றன. அங்கு இடைவெளிக்குத் தீர்வு ஈகை. ஈகையால் இரவலன் பசி நீங்குகிறது. நிலமும் மலையும் ஈவோனிடமே உள்ளன. குவாரிப் பெண்கள் வேண்டியது பரிசிலன்று, மலையின்மேல் உரிமை. மரபு நமக்குப் பழக்கிய நோக்கில் ஈகையைக் காண்பது எளிது. உரிமைக் கோரிக்கையைக் காண்பது அரிது. அவ்வுரிமைக்கோரிக்கை இலக்கியத் திறனாய்விலும் போதிய இடம் பெறாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

4. குத்தகையின் வலுவின்மை

கல், மணல், சரளை முதலியன சிறு கனிமங்கள். 1957ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் அவற்றுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள் நடைமுறையில் உள்ளன. அரசு நிலத்துக் கல் குவாரிகளைப் பொதுவாக ஏலத்தின் வழியே குத்தகைக்கு விடுவது வழக்கம். ஏலம் நடுநிலையான முறையாகத் தோன்றலாம். ஆனால் ஏலத்தில் வெல்வது உழைப்பன்று, முன்கூட்டியே கையில் உள்ள பணம். செல்வம் உடையவரே மேலும் செல்வம் தரும் குத்தகையைப் பெறுகின்றனர். இடைவெளி பெருகும் வழிகளுள் இது ஒன்று. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை.

பெண்களுக்குக் கிடைத்ததும் உடைமையன்று, குத்தகையே. குத்தகைக்குக் கால எல்லை உண்டு. அதனை வழங்கியது ஒரு நிர்வாகத்தின் மனவுறுதி. ஆட்சியர் மாறுவார், மனவுறுதியும் மாறும். குத்தகை கையில் இருந்தாலும் வெடிமருந்து, லாரி, நடைச்சீட்டு, விற்பனைத் தொடர்பு ஆகியன பிறரிடம் இருந்தால் ஆதாயம் அவரிடமே சேரும். பின்னர் வந்த கிரஷர்களும் மண்வெட்டு எந்திரங்களும் சம்மட்டிக்கும் உளிக்கும் இருந்த இடத்தைச் சுருக்கின. மூலதனம் இல்லாத குழு அப்போட்டியில் நிற்பது கடினம்.

இது முடிந்துபோன கதையன்று. 2025 சனவரியில் திருமயம் வட்டாரத்தில், சட்டவிரோதக் கல்குவாரிகள் குறித்துத் தொடர்ந்து புகார் அளித்துவந்த சமூக ஆர்வலர் ஒருவர் லாரி மோதி உயிரிழந்தார். அது கொலை எனக் கொண்டு, குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். விசாரணை சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. கல்லின்மேல் யாருக்கு உரிமை என்னும் வினா இம்மாவட்டத்தில் இன்றும் உயிரோடு தொடர்புடையது.

5. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

குவாரியைப் பெண்களிடம் அளிப்பதே தீர்வு என்றால், மலை அழிவதும் கல்தூசியால் நுரையீரல் கெடுவதும் என்னாவது என வினவலாம். இம்மறுப்பு வலுவானது. ஒருமுறை உடைத்த கல் மீண்டும் வளராது. அடுத்த தலைமுறைக்கு உரியதை இத்தலைமுறையின் ஏழைக்கு வழங்குவது முழு நீதியாகாது.

ஆயினும், மலை ஒப்பந்ததாரரிடம் இருந்தபோது அது காக்கப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். அருகிலேயே குடியிருந்து, அத்தூசியைச் சுவாசிப்பவர் கையில் முடிவெடுக்கும் உரிமை இருந்தால், எவ்வளவு உடைப்பது, எங்கு நிறுத்துவது என்பதைப் பேசவாவது இடமுண்டு. மேலும், இக்கட்டுரையின் வாதம் கல்லோடு மட்டும் நிற்பதன்று. கண்மாய் மீன்பாசிக் குத்தகை, புறம்போக்கு மரங்களின் பயன் ஆகியவையும் ஊரின் பொதுச் செல்வங்களே. அவை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. குவாரியில் தொடங்கிய முறையை அழியாத வளங்களுக்கு விரித்திருந்தால் இம்மறுப்பின் கூர்மை குறைந்திருக்கும்.

6. தீர்வுகளை மதிப்பிடல்

மேற்கண்டவற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எந்தத் தீர்வையும் நோக்கி மூன்று வினாக்களைத் தொடுக்கலாம்: அது வருவாயைத் தருகிறதா, உடைமையைத் தருகிறதா? தந்ததை எளிதில் திரும்பப் பெற முடியுமா? அதனால் யாருக்கேனும் இழப்பு உண்டா?

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. இது வருவாய். பசியையும் கடனையும் சற்றே தள்ளிவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனைக் குறைத்து மதிப்பிடல் தவறு. ஆனால் செல்வ இடைவெளி அதனால் மாறாது. பெண்களுக்குப் பிறந்தவீட்டுச் சொத்தில் சம உரிமை அளித்த 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் உடைமை சார்ந்தது. எனினும், சொத்தே இல்லாத குடும்பத்தின் மகளுக்கு அதனால் பயனில்லை. நில உச்சவரம்பை 1961இல் 30 தரநிலை ஏக்கராகவும் 1970இல் 15 ஆகவும் வரையறுத்த சட்டம் இழப்பவரை நேரே எதிர்கொண்டது. அதற்கான எதிர்ப்பும் விலக்குகளும் அதனாலேயே மிகுந்தன. நடுவண் அரசின் நிலையிலோ, மரபுரிமைச் சொத்தின்மேல் விதித்த வரி 1985இலும் செல்வ வரி 2015இலும் கைவிடப்பட்டன. இழக்கவேண்டியவர் இழக்காமல் இருக்க வழிசெய்யப்பட்டது என்பதே இவற்றின் பொருள்.

புதுக்கோட்டையின் பட்டறிவு சுட்டும் வழி இவற்றிலிருந்து சற்று வேறானது. பொது வளங்களின் குத்தகையில் உழைப்போர் கூட்டுறவுகளுக்கு விதியிலேயே முன்னுரிமை வேண்டும். அது ஆட்சியரின் விருப்பத்தைச் சார்ந்ததாக இருத்தலாகாது. குத்தகைக் காலம் கடனைத் தீர்த்து மூலதனம் சேர்க்கப் போதுமானதாக இருக்கவேண்டும். வண்டியும் எந்திரமும் வாங்கக் கூட்டுறவுக் கடன் வேண்டும். சுரங்கப் பகுதி மக்களின் நலனுக்கென 2015ஆம் ஆண்டின் திருத்தத்தால் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குவது பொருத்தமாகும். எவ்வளவு எடுப்பது என்பதைக் கிராம சபை வரையறுக்க வேண்டும்.

முடிவுரை

சாய்நாத்தின் பதிவுகள் மிதிவண்டியையும் குவாரியையும் ஒரே இயக்கத்தின் இரு கைகளாகவே காட்டின. நாம் ஒரு கையை மட்டும் பற்றிக்கொண்டோம். மிதிவண்டி பெண்ணுக்கு வழியைத் தந்தது. அவ்வழி எந்தச் சொத்தில் சென்று சேரும் என்னும் வினாவைக் குவாரி எழுப்பியது. முதல் விடையைப் பாடமாக்கி, இரண்டாம் வினாவை மறந்தமை வாசிப்பின் குறை மட்டுமன்று. ஏற்றத்தாழ்வு தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளுள் ஒன்றுமாகும். அன்று குத்தகை பெற்ற பெண்கள் பலர் இன்று முதுமையில் உள்ளனர். குழுக் கணக்குகள், குத்தகை ஆணைகள், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றோடு அவர்தம் வாய்மொழியையும் தொகுப்பது புதுக்கோட்டை குறித்து ஆய்வோர் காலந்தாழ்த்தாது செய்யவேண்டிய பணியாகும்.