புவியின் குரலும் கரிமூட்டத்தின் மௌனமும்

2021-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் கூடிய ஐக்கிய நாடுகளின் காலநிலை மாநாட்டில், திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் உரையாற்றினார். அப்போது அவர் அவ்வூரின் எஸ்.கே.பி. வனிதா பன்னாட்டுப் பள்ளியின் மாணவி. மரக்கரிக்கு மாற்றாகக் கதிரவன் ஆற்றலால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020-இல் சுவீடனில் வழங்கப்பெறும் சிறுவர் காலநிலைப் பரிசைப் பெற்றவர். மறு ஆண்டில் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர். அவ்வுரைக்குப் பாராட்டு மிகுதியாகக் கிடைத்தது, திறனாய்வு கிடைக்கவில்லை. பேசியவர் இளையவர் என்பதனால் உரையை ஆராயாது விடுவது அவரைக் குழந்தையாகவே வைத்திருப்பதாகும். ஆகவே அதனை இங்கு ஆராய முற்படுகிறோம்.

உரையின் சிறப்பு அதன் துணிவு. குடியரசுத் தலைவர்களும் பிரதமர்களும் அமர்ந்திருந்த அவையில், பேச்சை நிறுத்திச் செயலைத் தொடங்குங்கள் என்று பணிவு குன்றாமல் கூறினார். தம் தலைமுறையினர் பலரும் சினங்கொண்டிருப்பதை எடுத்துரைத்து, தமக்குச் சினத்திற்கு நேரமில்லை, செயலாற்றவே விருப்பம் என்றார். தாம் இந்தியப் பெண் மட்டுமல்லர், இப்புவியின் பெண் என்றும் அறிவித்தார். கைதட்டலுக்கு உரிய இவ்விடத்திலேதான் நமது ஐயம் பிறக்கிறது. 'நாங்கள்' என்னும் சொல் இவ்வுரையில் உலகின் இளைஞர் அனைவரையும் அணைத்துக்கொள்கிறது. அனைவரையும் அணைக்கும் சொல்லில் தனித்த எவர் முகமும் தெரிவதில்லை.

இது அப்பெண்ணின் குறையன்று. பன்னாட்டுப் பள்ளிகள் தம் மாணவர்க்குப் பயிற்றுவிக்கும் மொழியே அது. மாதிரி ஐக்கிய நாடுகள் அவைகளிலும் ஆங்கிலச் சொற்போர்களிலும் பழகிய நாவுக்கு உலகம் எளிதில் வாய்க்கிறது, ஊர் வாய்ப்பதில்லை. இதைச் சொல்லும்போது நாமும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. கோடைக்கானலில் இன்று பன்னாட்டுப் பள்ளியாக விளங்குவது, 1901-இல் அமெரிக்க மிஷனெரிமார் தம் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியே. மேலும், யார் பேசலாம் என்பதை மேடையும் தீர்மானிக்கிறது. 2020 ஜனவரியில் டாவோஸ் நகரில் ஐந்து இளம்பெண்கள் சேர்ந்து நின்று எடுத்த படத்திலிருந்து, அவர்களுள் ஒரே கறுப்பினத்தவரான உகாண்டாவின் வனேசா நகாதேயைச் செய்தி நிறுவனமொன்று வெட்டி நீக்கி வெளியிட்டது. உலகின் குரல் எனப்படுவதிலும் இத்தகைய கத்தரிப்பு உண்டு.

வினிஷாவின் உரையைக் காட்டிலும் அவரது வண்டி உயர்ந்த படைப்பு என்பது எமது மதிப்பீடு. தம் வீட்டருகே இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைத் தரையில் கொட்டி ஆறவிடுவதைக் கண்ட கண்ணிலிருந்து அது பிறந்தது. அதற்குச் சாட்சி என்று பெயர். ஆமோஸ் தெக்கோவா ஊர் மேய்ப்பரில் ஒருவர் என்பதை அத்தீர்க்கதரிசன நூலின் முதல் வசனமே சொல்லிவிடுகிறது. பேசியவர் எவ்வூரார் என்பது பேச்சின் பகுதியாகவே அங்கு நிற்கிறது. ஆயினும் வண்டியைக் கண்ட கண் கரியைப் பின்தொடர்ந்து செல்லவில்லை. துணி தேய்க்கும் தொழில் தமிழகத்தில் பெரிதும் ஒரு சாதியின் தோளில் சுமத்தப்பட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கரி எங்கிருந்து வருகிறது?

விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியிலிருந்து வருகிறது. மழை பொய்த்த புன்செய்களில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, காற்று மிகாமல் நாள்கணக்கில் கனியவிடுவது கரிமூட்டம். விளைச்சல் இல்லாதவர்க்கு அது பிழைப்பு. நுரையீரலுக்கு அதுவே கேடு. கதிரவன் வண்டி தெருவுக்கு வரும் நாளில் இஸ்திரிக்காரருக்குப் புகை குறையும். மூட்டம் போடுபவருக்கு என்ன ஆகும் என்பதைக் கிளாஸ்கோவில் பேசப்பட்ட 'நாங்கள்' கேட்கவில்லை.

அதே விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையத்தை அடுத்து ஆலங்குளம் இருக்கிறது. (தென்காசிச் சாலையிலுள்ள ஆலங்குளம் வேறு.) அங்குள்ள அரசுச் சிமெண்ட் ஆலை 1970-ஐ ஒட்டித் தொடங்கி, 1976 முதல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின்கீழ் வந்தது. உலகக் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமெண்ட் தொழிலினுடையது. எரிபொருளை மாற்றிவிட்டாலும் அது முற்றும் நீங்காது. சுண்ணாம்புக்கல் சூளையில் பிரியும்போது கல்லிலிருந்தே அவ்வாயு வெளிப்படுகிறது, அது பெரும்பங்கும்கூட. ஆனால் 2015-இல் இக்கழகத்தின் வழியே மூட்டை 190 ரூபாய்க்கு விற்கப்பட்ட சிமெண்ட், ஓலைக்கூரையை மாற்ற விரும்பிய ஏழைக்கு எத்தகைய செய்தியாயிருந்தது! கிளாஸ்கோ உரைக்கு இரண்டு வாரம் கழித்து, அதே நவம்பரில், இக்கழகம் 'வலிமை' என்னும் புதிய சிமெண்டை அறிமுகம் செய்தது. இரு செய்திகளையும் நம் நாளேடுகள் மகிழ்ந்தே வெளியிட்டன. ஒன்றையொன்று அறியாத மகிழ்ச்சிகள் அவை.

ஆலங்குளத்துக்கு அண்மையிலுள்ள சிவகாசிக்கு இம்முரண் புதிதன்று. 2015-இல் தில்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரால், பட்டாசுப் புகைக்கு எதிராக உச்சநீதிமன்றத்தில் மனு அளிக்கப்பட்டது. 2018 அக்டோபர் 23-இல் வந்த தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது. அக்குழந்தைகளின் மூச்சு மெய்யானது. தீர்ப்பையும் யாம் குறைகூறவில்லை. நீதிமன்றம் பிழைப்பின் வாதத்தையும் கேட்டே தீர்த்தது. ஆனால் அவ்வாதத்தை முன்வைத்தவர்களில் முதன்மையானவர்கள் பட்டாசு உற்பத்தியாளர்கள். மருந்து கலப்பவரும் திரி செருகுபவரும் அங்கும் பிறர் வாயாலேயே பேசினர்.

பன்னாட்டுப் பள்ளிகளிலிருந்து வெளிவரும் இளைஞர் உலக மேடைகளுக்குச் செல்லவேண்டாம் என்று எவரும் சொல்லார். அவர்களிடம் ஒன்று கேட்கலாம். அவ்வுரையைத் தமிழாக்கி, முதலில் அந்த இஸ்திரி வண்டியருகே நின்று படித்துக் காட்டட்டும். பிறகு கரிமூட்டத்தருகேயும், ஆலங்குளத்து ஆலை வாயிலிலும். எந்த வரியில் அவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், எந்த வரியில் குனிந்து தம் வேலைக்குத் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அதன்பின் உரையைத் திருத்தி எழுதட்டும்.