காலி நாற்காலி

தணிக்கை கவிஞனுக்கு நன்மையே செய்கிறது, நேரே சொல்ல விடாதபோதுதான் படிமம் பிறக்கிறது என்று நம்மிடையே ஒரு அபிப்ராயம் உண்டு. சீன அரசின் இணையத் தணிக்கை இதைப் பொய்யாக்கிவிட்டது.

தியானன்மென் படுகொலை நடந்த 1989 ஜூன் 4ஐ அங்கே இணையத்தில் எழுத முடியாது. ஆகவே ‘மே 35’ என்றார்கள். காலண்டரில் இல்லாத நாள்; நல்ல படிமம். பரவியதும் அதுவும் தடைப்பட்டது. லியு சியாவ்போ இலக்கிய விமர்சகர். இணையத்தில் எழுதிய கட்டுரைகளே சாட்சியமாகி 2009இல் 11 வருஷத் தண்டனை பெற்றவர். 2010 டிசம்பரில் ஆஸ்லோவில் அவருக்கான நோபல் சமாதானப் பரிசைக் காலி நாற்காலியில் வைத்தார்கள். சீனாவில் ‘காலி நாற்காலி’ என்று இணையத்தில் தேடுவதும் தடுக்கப்பட்டது.

பழைய தணிக்கையாளன் ஒரு வாசகன். ரசனையற்ற வாசகனிடமிருந்து படிமம் தப்பிவிடும். இயந்திரத்துக்கு ரசனை தேவையில்லை, சொற்பட்டியல் போதும். பலருக்கும் புரிந்துவிட்ட சொல் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. ஆக, வாசகனைச் சென்றடைவதே படிமத்துக்கு மரணம். யாருக்கும் புரியாதவரை அது உயிரோடிருக்கலாம்.

பறிபோவது கோஷமல்ல, நாற்காலி என்ற சாதாரணச் சொல். தணிக்கையில் கவிதைக்கு லாபம் காண்பவர்கள், மிச்சமிருக்கும் எந்தச் சொற்களைக் கொண்டு எழுதப்போகிறார்கள் என்பதையும் சொல்லட்டும்.