கொல்லன் வீட்டில் துருத்தி ஊதியது யார்?

எங்கள் வந்தவாசிப் பக்கம் பள்ளி ஆண்டு விழா என்றால் புறநானூற்றின் 312ஆம் பாட்டு வந்துவிடும். ஒரு சிறுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீரத்தாயாக மேடையேறுவாள். கைதட்டல் அடங்க நேரமாகும்.

பொன்முடியாரின் பாட்டில் அந்த வீரத்தாய் இருக்கிறாளா? அவர் வைப்பது ஒரு வேலைப் பங்கீடு. பெற்று வளர்ப்பது தன் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடன். அடுத்து வேந்தன், கடைசியில் மகன். பிள்ளைப்பேற்றை உலைக்களத்து வேலையோடு ஒரே வரிசையில் நிறுத்தி, இரண்டையும் கடன் என்கிறார். தாய்மையைப் புனிதமாக்கிப் பூசிய மஞ்சளெல்லாம் நாம் பிறகு பூசியது. இன்னொன்றும் உறுத்துகிறது. கொல்லன் வடிப்பது வேல். மகன் களத்தில் வீசுவதோ வாள். அந்த வாளைச் செய்தவர் பாட்டிலேயே இல்லை.

ஔவையார் இன்னும் கூர்ந்து பார்க்கிறார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போனவர், 95ஆம் பாட்டில் அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்கிறார். மயிற்பீலி, மாலை, திருத்திய காம்பு, நெய்ப்பூச்சு. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன. பராமரிப்பு வேலையை அறிந்த கண் அது. ஆனால் குடிலுக்குள் ஆயுதம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

நொய்யல் கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைகள் தமிழர் எஃகின் பழமையைச் சொல்கின்றன. சேலம் பக்கத்து உருக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவு செய்த ஐரோப்பியர், உமி கலந்த மண் மூசையில் இரும்போடு ஆவாரங்கட்டையை இட்டு மூடியதை எழுதிவைத்தார்கள். உமி எங்கிருந்து வந்தது? நெல் குத்திய உரலிலிருந்துதானே! குத்தியவளை உருக்குக் கலையின் வரலாற்றில் நாம் சேர்ப்பதில்லை.

ஜப்பானிலும் இதே கதைதான். வாள் எஃகை உருக்கும் ததாரா உலையின் தெய்வமான கனயாகோ பெண் தெய்வம். அவளுக்குப் பெண்களைப் பிடிக்காது என்று சொல்லியே பெண்களை உலைப்பக்கம் விடாமல் வைத்திருந்தார்கள். அந்த வாளின் பிடியில் திருக்கை மீன் தோலின் மேல் இறுகச் சுற்றுவது பட்டு நாடா. பட்டுப்புழுவுக்கு இலை போட்டு நூலெடுத்தது பெரும்பாலும் பெண்கள்தான். ஆரணித் தறிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே கோரை அறுக்கும் அரிவாள் அடிக்கும் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். கணவர் குறட்டால் இரும்பைப் பிடிக்க, மனைவி சம்மட்டி ஓங்கிக்கொண்டிருந்தார். “கொல்லர் யாருங்க?” என்றேன். கணவரைக் காட்டினார். சம்மட்டி எத்தனை கிலோ என்று கேட்டேன்.

“அஞ்சு இருக்கும்மா. தூக்கிப் பாரு.”

தூக்கினேன். இரண்டாவது அடிக்கே தோள் விட்டுப்போயிற்று.