இணையத்துக்கு வேலி போட முடியுமா?

1987ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20ஆம் நாள், பெய்ஜிங்கிலிருந்து ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. சீனாவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மின்னஞ்சல்களுள் அதுவும் ஒன்று. பெருஞ்சுவரைத் தாண்டி இனி உலகின் எந்த மூலையையும் எட்டலாம் என்பதே அதன் செய்தி. இன்று அதே நாட்டின் இணையத்துக்குக் குறுக்கே ஒரு தடுப்பு நிற்கிறது. அதற்கு அந்தப் பெருஞ்சுவரின் பெயரையொட்டியே 'பெருந்தீச்சுவர்' என்று உலகம் பட்டப்பெயர் வைத்துவிட்டது!

இணையத்தை எந்த அரசாலும் கட்டுப்படுத்த முடியாது என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம், அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன் இக்கருத்தை வேடிக்கையாகச் சொன்னார். சீனா இணையத்தைக் கட்டுப்படுத்த முயல்வது, ஜெல்லியைச் சுவரில் வைத்து ஆணியடிப்பதைப் போன்றது என்றார். கூட்டத்தினர் சிரித்தனர். அந்தக் கருத்து சரிதானா என்று பார்ப்போம்.

இணையம் ஆகாயத்தில் மிதப்பதன்று. அது கம்பிவடங்களாலும் கணிப்பொறிகளாலும் ஆனது. நீங்கள் அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன்மேல் விலாசத்தைச் சுமந்துகொண்டு செல்கிறது. சீனாவிலிருந்து வெளியே செல்லும் பாதைகளோ ஒரு சில வாயில்கள் வழியாகவே போகின்றன. அவை அரசின் பிடியில் உள்ள நிறுவனங்களுடையவை. ஊருக்கு நூறு தெருக்கள் இருந்தாலும், வெளியே போக இரண்டே பாலங்கள் இருந்தால், காவலுக்கு எத்தனை பேர் வேண்டும்?

காவல் மூன்று வகைகளில் நடக்கிறது. முதலாவது, தடை செய்த விலாசத்துக்குப் போகும் பொட்டலங்களை வாயிலிலேயே வீசியெறிவது. இரண்டாவது சற்றுத் தந்திரமானது. ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதன் எண் விலாசம் என்ன என்று உங்கள் கணிப்பொறி வேறொரு கணிப்பொறியைக் கேட்கும். வாயிலில் ஒட்டுக்கேட்கும் கருவி, உண்மையான பதில் வந்து சேருமுன் ஒரு பொய் விலாசத்தைக் கொடுத்துவிடும். வழி கேட்டவனுக்குத் தப்பான தெருவைக் காட்டுவது போன்றது இது. மூன்றாவது, போகும் பொட்டலத்தில் தடை செய்த சொல்லோ தளத்தின் பெயரோ தென்பட்டால், 'தொடர்பு முடிந்தது' என்ற போலிக் குறிப்பை இரு முனைகளுக்கும் அனுப்புவது. மறுமுனையே பேச்சை முறித்துவிட்டதாக இருவரும் எண்ணிக்கொள்வர்.

இம்முறைகளால் 2009இல் யூடியூபும் பேஸ்புக்கும் ட்விட்டரும் தடுக்கப்பட்டன. 2019இல் விக்கிபீடியா எல்லா மொழிகளிலும் தடுக்கப்பட்டது. மறைவழி அமைத்துத் தடையைத் தாண்டுவோரும் உண்டு; ஆனால் எல்லோராலும் அது இயலாது. வேலியில் ஒவ்வொரு துளையையும் அடைக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் அலுத்துத் திரும்பினாலே போதும். ஆகவே, ஜெல்லியை ஆணியடிக்க முடியாது என்ற வாதம் நிற்கவில்லை.

"தீய செய்திகளையும் வதந்திகளையும் தடுக்கத்தானே வேலி? அதில் என்ன தவறு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மோசடியையும் பொய்யையும் தடுப்பதை எவரும் குறை சொல்லமாட்டார். ஆனால் எது வதந்தி என்று தீர்மானிப்பவர் யார்? அந்தத் தீர்மானம் தவறாகிப்போனால் அதைச் சுட்டிக்காட்ட யாருக்கு உரிமை உண்டு? இங்கேதான் அறிவியல் மாணவர்களாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

2019 டிசம்பர் 30ஆம் நாள், வூகான் நகரத்துக் கண் மருத்துவர் லீ வென்லியாங், தம்முடன் படித்த மருத்துவர்களின் வீசாட் குழுவில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். சார்ஸ் நோய் கண்ட ஏழு பேர் மருத்துவமனைக்கு வந்திருப்பதாகவும், கவனமாக இருக்குமாறும் எழுதினார். 2020 ஜனவரி 3ஆம் நாள் காவல் துறை அவரை அழைத்தது. உண்மையல்லாததைப் பரப்பியதாகக் கண்டித்து, ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கியது. அவர் மீண்டும் பணிக்குத் திரும்பினார். நோயாளி ஒருவரிடமிருந்து அதே நோய் அவரைத் தொற்றியது. பிப்ரவரி 7ஆம் நாள் காலமானார். வயது 33. அன்றிரவு கருத்துரிமை கோரி மக்கள் இணையத்தில் எழுதியவை அழிக்கப்பட்டன. மார்ச் மாதத்தில் கண்டனக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. காவல் துறை அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். லீ எழுதியதில் ஒரு பிழை இருந்தது. அது சார்ஸ் அன்று. அதற்கு நெருங்கிய உறவுடைய ஒரு புதிய வைரஸ். பெயரில் பிழை, எச்சரிக்கையிலோ பிழையில்லை. அறிவியலில் எந்த முதல் செய்தியும் இப்படித்தான் வரும், அரைகுறையாக. ஒருவர் சொல்வதை மற்றவர் சோதித்துத் திருத்துவதே அறிவியல் வளரும் முறை. அரைகுறையாக இருக்கிறது என்பதற்காக முதல் குரலையே அடக்கிவிட்டால், திருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது.

இது புதிய பாடமும் அன்று. 1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணு உலை வெடித்தது. உலகுக்குச் சோவியத் அரசு அதை அறிவித்தது 28ஆம் நாள் மாலையில்தான். அதற்கு முன்பே, அன்று காலையில், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துக் கருவிகள் கதிரியக்கத்தைக் கண்டு கூவிவிட்டன. செய்தித்தாள்களை அடக்கலாம், காற்றை அடக்க முடியுமா? வைரஸும் வாயிற்காவலரைக் கேட்டுக்கொண்டு புறப்படுவதில்லை.

ஆகவே நண்பர்களே, இரு தவறுகளை நாம் தவிர்க்க வேண்டும். கருவியே விடுதலையைக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவது ஒன்று. அந்த நம்பிக்கையை மேலே கண்ட மூன்று தந்திரங்களே பொய்யாக்கிவிட்டன. வேலி போட்டால் நாடு பத்திரமாகும் என்று நம்புவது மற்றொன்று. வூகானும் செர்னோபிலும் அதைப் பொய்யாக்கின. இனி யாரேனும் ஒரு புதிய தகவல் தொடர்புச் சாதனத்தைப் புகழ்ந்து பேசினால், அதன் வேகத்தை மட்டும் கேட்டு வியக்காதீர்கள். அதன் வாயில் யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.