வள்ளியம்மாளின் பெயர்: 'என்ஜாய் எஞ்சாமி'யும் ஊவாத் தோட்டங்களும்

அப்புத்தளை நகரிலிருந்து தம்பேதன்னத் தோட்டத்தினூடாக மேலேறிச் செல்வோர் ஈற்றில் அடையும் மலைமேடு 'லிப்டன் சீற்' என வழங்கப்படுகிறது. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தோட்டங்களை விலைக்கு வாங்கிய ஸ்கொட்லாந்து வணிகர் தோமஸ் லிப்டன், அங்கிருந்து தமது தேயிலை நிலங்களை நோக்கினார் என்பதனால் அம்மேட்டுக்கு அப்பெயர் வாய்த்தது. அவரது பெயர் தேயிலைப் பொதிகளின்மேல் அச்சாகி உலகெங்கும் சென்றது. அதே சரிவுகளிற் கொழுந்தெடுத்த பெண்களின் பெயர்களோ தோட்டத்துச் செக்றோலுக்கு அப்பால் எங்கும் செல்லவில்லை. 2021 மார்ச் 7ஆந் திகதி வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் தனிப்பாடலை ஊவாவின் தோட்டப்புறத்தில் நின்று நோக்குமிடத்து முதலிற் கருத்திற் கொள்ள வேண்டியதும் இந்தப் பெயர் பற்றிய செய்தியே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய ஒரு பெண்ணின் பெயரை அப்பாடல் உரக்கச் சொல்கிறது.

அவர் பெயர் வள்ளியம்மாள். பாடலை எழுதிய அறிவு அவருடைய பேரன், அரக்கோணத்தைச் சேர்ந்தவர். அவருடன் சேர்ந்து பாடியவர் அவுஸ்திரேலியாவில் வளர்ந்த இளம் பாடகி தீ. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். ஏ. ஆர். ரஹ்மானின் ஆதரவுடன் தொடங்கப்பட்ட 'மாஜா' என்னும் தளத்தின் வழியே வெளிவந்த இப்பாடல் 40 கோடிக்கு மேற்பட்ட தடவைகள் பார்க்கப்பட்டது. திரைப்படத்தின் துணையின்றி வெளிவந்த ஒரு தமிழ்ப் பாடல் இவ்வளவு பரவியமை வியப்புக்குரியதே. எனினும் எண்ணிக்கை இலக்கியத் தகுதிக்குச் சான்றாகாது. அதனை இங்கு விட்டுவிடலாம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்களை, 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொண்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் புகைவண்டி ஏறித் தலைமன்னாருக்குச் சென்றோரும், மேடையில் நின்று வழியனுப்பியோரும் ஒருங்கே அழுதனர். அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. இறந்தவருக்குரிய பாடலை உயிரோடு பிரிவோருக்குப் பாட நேர்ந்த சமூகம் இது.

ஆகவே, அறிவின் பாடலில் இடையே ஒப்பாரியின் சாயல் கலந்து வரும்போது, ஊவாவின் செவி அதனை இசையமைப்பாளரின் ஓர் உத்தியாக மட்டும் கேட்பதில்லை. ஒப்பாரி பெண்களின் ஆக்கம். உறவுமுறையைச் சொல்லி, இறந்தவர் நட்டதையும் வளர்த்ததையும் எண்ணியெண்ணிப் பாடுவது அதன் இயல்பு. இழப்பைச் சொல்லும் அவ்வடிவத்தைப் பேரன் எடுத்து, அதே எண்ணிக்கையை உரிமைப் பத்திரமாக மாற்றிவிடுகிறான். மரங்களை வளர்த்தவள் யார், வளர்ந்த தோட்டத்தின் பயன் யாரைச் சேர்ந்தது என்னும் வினா அழுகையின் இசையிலேயே எழுப்பப்படுகிறது. மேடை முழக்கமாகச் சொல்லப்பட்டிருப்பின் இவ்வினா இத்துணை ஆழமாகப் பதிந்திராது. பாடலின் தலையாய வெற்றி இதுவே எனலாம்.

தலைப்பிலுள்ள 'எஞ்சாமி' என்ற சொல்லும் தனியே ஆராயத்தக்கது. 'என் சாமி' என்பதே அதன் விரிவு. பெரட்டுக்களத்தில் துரையின் முன்னும் கங்காணியின் முன்னும் கைகட்டி நின்றவர் வாயில் 'சாமி' என்பது பணிவின் சொல். மாலையில் லயத்துக்குத் திரும்பிப் பேரப்பிள்ளையை மடியிலிட்டுக் கொஞ்சும் மூதாட்டியின் வாயில் அதே சொல் அன்பின் உச்சம். பகலில் அஞ்சி உரைத்ததை இரவில் உவந்து உரைக்கும் இந்த இரட்டை வாழ்வை ஒரே விளியில் அடக்கியிருப்பது பாராட்டத்தக்கது. அதனருகே 'என்ஜாய்' என்ற ஆங்கிலச் சொல் நிற்பதைச் சிலர் குறையாகக் கொள்வர். துரைமாரின் மொழியிலிருந்து வந்த 'பெரட்டு', 'லயம்', 'செக்றோல்' ஆகியவற்றைத் தன் பேச்சாக்கிக் கொண்ட மக்கட் கூட்டத்துக்கு அது பெருங் குற்றமாகத் தோன்றாது.

நாட்டார் பாடலின் தூய்மையை மேலைத்தேயத் தாளம் கெடுத்துவிட்டது என்னும் கூற்றும் நிலைக்கத்தக்கதன்று. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்ட மக்களின் துயரைப் பாடல்களாக்கி, 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற நூலாக வெளியிட்டார். அக்காலத்து மக்கள் அறிந்திருந்த மெட்டுகளே அவருக்குக் கருவியாயின. கேட்போர் ஏற்கெனவே முணுமுணுக்கும் மெட்டில் புதிய பொருளை ஏற்றும் முறை மலையகத்தில் எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கமுடையது.

பாடலின் குறை வேறோரிடத்தில் உள்ளது. அதில் நிலம் உண்டு, மரம் உண்டு, பறவை உண்டு, மூதாதையர் உண்டு. தோட்டம் என்னும் உற்பத்தி அமைப்பு இல்லை. எந்தத் தோட்டம், எந்த மலை, எந்தக் கம்பனி என்பது எங்குமே கூறப்படவில்லை. இயற்கை அனைவர்க்கும் பொது என்னும் பரந்த உணர்வுக்குள் கொழுந்தின் நிறையும் நாட்சம்பளமும் கரைந்துவிடுகின்றன. பாடல் வெளிவந்த அதே மார்ச் மாதத்திலேயே, நெடுங்காலம் போராடிக் கேட்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளம் சம்பளச் சபையின் வழியாக வர்த்தமானியில் வெளியாயிற்று. பசறையிலும் நமுனுகுலையிலும் கைத்தொலைபேசியில் இப்பாடலைக் கேட்டோர், ஒரு நாளைக்குரிய கொழுந்தின் அளவை நிருவாகம் கூட்டுமோ என்ற கவலையோடேயே கேட்டனர். புறப்பட்டுச் சென்றவளின் பேரன் பாடுகிறான். தங்கியிருந்தவளின் பேத்தி இன்னும் மலையில் நிற்கிறாள். அவளது நிலத்துடனான உறவு பாடலிற் காணும் களிப்பான உறவாக அமையவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உழைத்த மண்ணே பலரை உயிருடன் விழுங்கிற்று. அதன் பின்னர் பெரிதும் பேசப்பட்ட ஏழு பேர்ச் காணியும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

இக்குறையைப் பாடலாசிரியர்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. வள்ளியம்மாள் தோட்டத்தை நினைவாகவே பேரனுக்குக் கொடுத்தார். நினைவில் மலை அழகாகவே எஞ்சும்.

பாடல் எழுப்பிய வினா பின்னர் பாடலின்மீதே திரும்பியது. 2021 ஓகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் மற்றொரு கலைஞரும் இடம்பெற, அறிவு இடம்பெறவில்லை, இயக்குநர் பா. ரஞ்சித் அதனைக் கண்டித்தார். 2022 ஜூலை 28ஆந் திகதி சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாடல் மேடையேறிற்று. ஆக்கம் யாருடையது என்பது குறித்து அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கங்களை வெளியிட்டனர். 2024 மார்ச்சில், தங்கள் மூவருக்குமே அதுவரை வருமானம் எதுவும் வந்து சேரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். தோட்டம் செழித்தும் வளர்த்தவருக்குப் பயனில்லை என்று பாடியவர்களுக்கே இது நேர்ந்தமை கசப்பான ஒற்றுமை.

மேலைத்தேயத்துத் தனிப்பாடல் மரபில் இத்தகைய பங்கீடு தாளிலே தீர்க்கப்படுகிறது. 1996இல் பிரித்தானியாவின் ஸ்பைஸ் கேள்ஸ் குழுவினர் 'வன்னபீ' பாடலை வெளியிட்டபோது, பாடிய ஐந்து பெண்களும் இரு இசையாக்குநரும் ஆக்கியோராகப் பதியப்பட்டனர். அங்கு ஏழு பேருக்கும் பெயருண்டு. வாய்மொழி மரபிலிருந்து எடுக்கப்படும் பாடலுக்கு இக்கணக்கு எளிதிற் பொருந்துவதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியபோது அவை ஒரு சமூகத்தின் சொத்தாகவே மதிக்கப்பட்டன. வணிகம் அவற்றை நாடி வரவில்லை. இன்று நிலைமை வேறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கெனத் தனிப் பிரிவொன்றைக் கொண்டுள்ளது. அதன்படி அவற்றைப் பயன்படுத்த அனுமதி வழங்கும் உரிமை அமைச்சர் குறிக்கும் அதிகாரிக்குரியது. அறவிடப்படும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்பட வேண்டும். லுணுகலையின் ஓர் இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் மூதாட்டியின் பெயரைப் பதிய அப்பிரிவில் இடமில்லை.